‘பத்துக்கு எத்தனை?’ என்று கேட்பதற்கு முன்

வாசகர் கேள்வி–பதில்

தலைக்காயம், கவுன்சலிங், இரண்டிலும் பயன்படும் கேள்வித்தாள்கள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பதில் எழுதியிருப்பவர்கள் மருத்துவ உளவியலிலும் மறுவாழ்வு சிகிச்சையிலும் பணிபுரிபவர்கள்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜிசிஎஸ் 15/15’ என்றிருக்கிறது. போன மாதம் ரெவ்யூவில் ‘குட் ரெக்கவரி’ என்று எழுதிவிட்டார்கள். வீட்டிலோ கடைக்கு அனுப்பினால் பாதி சாமானோடு திரும்புகிறார், மிக்ஸி சத்தம் கேட்டாலே எரிந்து விழுகிறார். யார் சொல்வது சரி? (வாசகி, திண்டுக்கல்)

இரண்டு பேர் சொல்வதும் சரி. அவர்கள் கேட்ட கேள்வி வேறு, உங்கள் கேள்வி வேறு.

ஜிசிஎஸ் என்கிற கிளாஸ்கோ கோமா ஸ்கேலை 1974-ல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. அடிபட்டவருடைய நினைவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நர்ஸும் டாக்டரும் ஒரே மொழியில் பேசிக்கொள்வதற்காக வந்தது அது. தானாகக் கண் திறந்து, தன் பெயர், இருக்கும் இடம், நடக்கும் மாதம் சொல்லி, ‘கையைத் தூக்குங்க’ என்றால் தூக்கிவிட்டால் 15 வந்துவிடும். மளிகைக் கடைக்குப் போய்ப் பத்துச் சாமானை ஞாபகம் வைத்து வாங்கி வருவதை அது அளக்க முயன்றதே இல்லை.

‘குட் ரெக்கவரி’யும் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை. 1975-ல் ஜெனட்டும் பாண்டும் கொண்டுவந்த கிளாஸ்கோ அவுட்கம் ஸ்கேலில் மேல்தட்டுக்கு வைத்த பெயர் அது. சின்னச் சின்னக் குறைகள் மிச்சமிருந்தாலும் ஆள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டால் அந்தத் தட்டில்தான் வைப்பார்கள். அதன் விரிவான வடிவத்தில் எட்டுப் படிகள் உண்டு. அதில் ‘குட் ரெக்கவரி’யே மேல், கீழ் என இரண்டாகப் பிரியும். அடுத்த ரெவ்யூவில் எந்தப் படி என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பேச்சை வேறு திசைக்குத் திருப்பும்.

வீட்டில் நடப்பதைப் பிடிக்க வேறு தாள்கள் உண்டு. ரிவர்மீட் வினாப்பட்டியலில் தலைவலி, சத்தம் தாங்காமை, எரிச்சல், மறதி என்று 16 தொல்லைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ‘அடிபடுவதற்கு முன்பு இருந்ததைவிட’ இப்போது எப்படி என்று கேட்டு 0 முதல் 4 வரை போடவேண்டும். 1 என்றால் ‘முன்பும் இப்படித்தான் இருந்தது’ என்று பொருள். கூட்டும்போது அந்த 1-களை விட்டுவிட வேண்டும். சேர்த்துக் கூட்டி ‘ஸ்கோர் ஜாஸ்தி’ என்று பயமுறுத்துவது அடிக்கடி நடக்கிற தப்பு. க்வாலிப்ரி என்பது மூளைக்காயப்பட்டவர்களுக்கென்றே 2010-ல் வந்த வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள். 37 கேள்விகள், ஆறு பகுதிகள். முதல் நான்கு பகுதிகள் ‘எவ்வளவு திருப்தி?’ என்றும், கடைசி இரண்டு ‘எவ்வளவு தொந்தரவு?’ என்றும் கேட்கும். உங்கள் கணவரே நிரப்ப வேண்டியது அது.

இந்தத் தாள்கள் கையில் கிடைக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதற்கு முன் தூங்கினாரா, சாப்பிட்டாரா. ‘கோபம் ஜாஸ்தி’ என்று மட்டும் எழுதிப் போனால் டாக்டரால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: தலைக்காயம் பட்ட ஒருவருக்கு, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 தாள் போட்டேன், 14 வந்தது. டிப்ரெஷன் என்று எடுத்துக்கொள்ளலாமா? (கவுன்சலர், மதுரை)

உடனே வேண்டாம். முதலில் அந்த 14 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

ஒன்பது கேள்விகளில் தூக்கம், அசதி, பசி, கவனக்குறைவு, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமை ஆகிய ஐந்தும் மூளைக்காயத்தாலேயே வரக்கூடியவை. கேள்விக்கு அதிகபட்சம் 3 வீதம் அங்கேயே 15 வரை சேர்ந்துவிடும். 10-ஐத் தொட்டாலே மிதமான மனச்சோர்வு என்கிறது அந்தத் தாள். அதாவது ஒரு துளி சோகம் இல்லாதவரும் அந்தக் கோட்டைத் தாண்டலாம். அதனால் ஆர்வமின்மை, மனம் உடைந்திருப்பது, தன்னைப் பற்றிய குற்ற உணர்வு, சாவு பற்றிய எண்ணம் ஆகிய நான்கையும் தனியே பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் மற்ற ஐந்தில் மட்டும் 14 என்றால், முதல் வேலை தூக்கத்தையும் வலியையும் மாத்திரைகளையும் சரிபார்ப்பது. வலிப்பு மாத்திரைகள் சில அசதியைக் கூட்டும். இதற்கு நேரெதிர் ஆபத்தும் உண்டு. ‘எல்லாம் காயத்தால்தான்’ என்று ஒதுக்கினால் உண்மையான மனச்சோர்வு தப்பிவிடும். மூளைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு அரிதல்ல.

ஒன்பதாவது, அதாவது சாவு பற்றிய கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் கூட்டலை ஓரம் வைத்துவிட்டு நேரடியாகக் கேளுங்கள். எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்தாரா, வீட்டில் என்ன இருக்கிறது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். இரவு நேரத்துக்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐக் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தத் தாள் ‘கடந்த இரண்டு வாரம்’ என்று கேட்கும். நேற்று சாப்பிட்டது ஞாபகமில்லாதவர் இரண்டு வாரத்தை எங்கிருந்து எடுப்பார்? அப்போதைய மனநிலையைத்தான் பதினான்கு நாளுக்கும் பூசிவிடுவார். காலண்டரை முன்னால் வைத்து, ‘அமாவாசையிலிருந்து இன்றைக்கு வரை’ என்றோ ‘பிசியோவுக்குப் போனோமே, அன்றையிலிருந்து’ என்றோ ஒரு முனையைக் கட்டிக் கொடுங்கள். அதுவும் முடியாதவருக்கு ஒவ்வொரு மாலையும் ஒரே ஒரு கேள்வி, ஏழு நாள்.

கேள்வி: எங்கள் பேஷண்ட் ஒருவர், ‘எவ்வளவு?’ என்று கேட்டு ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னால் எப்போதும் வலப்பக்கக் கடைசியிலேயே குறிக்கிறார். வலி கேட்டாலும் அப்படித்தான், மகிழ்ச்சி கேட்டாலும் அப்படித்தான். (பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்)

மூளையின் வலப்பக்கம் பாதித்திருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கத்தையே கவனிக்காமல் விடும் நிலையாக இருக்கலாம். தட்டில் இடப்பாதிச் சோற்றை மீதி வைக்கிறாரா என்று கவனித்தால் தெரிந்துவிடும். கோட்டை நெடுக்காக, தெர்மாமீட்டர் போல நிறுத்தி, அவர் முன்னால் நடுவில் வையுங்கள். எண்களையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. முதல் கேள்விக்கு 3 என்று சொல்லிவிட்டு அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் 3 என்றே சொல்பவர் உண்டு. முன்பகுதி மூளை பாதித்தவர்களிடம் ஒரே பதிலில் சிக்கிக்கொள்வது அதிகம். ஒரே பக்கத்தில் இருபது கேள்வியை அடுக்கிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, எழுத்து பெரிதாக, பதில் சொன்னதும் அட்டையை அப்புறப்படுத்துவது. நடுவில் ‘எனக்குத் தலைவலியே இல்லை’, ‘எனக்குத் தலைவலி இருக்கிறது’ போல எதிரெதிர் வரிகளை இரண்டு இடத்தில் நுழைத்தால் சிக்கிக்கொண்டவரை அடையாளம் காணலாம். பேச்சிழந்தவரிடம் ‘ஆமாம்’, ‘இல்லை’யே மாறிப்போகலாம். அதனால் முதலில் ‘நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா?’ என்பது போன்ற ஐந்தாறு வெளிப்படையான கேள்விகளில் தலையசைப்பை நம்பலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் காலையாக இருக்கட்டும். பிசியோ முடித்து வியர்வையோடு வருபவரிடம் நீட்ட வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் கடைசிக் கேள்விகளுக்கு அசதிதான் பதில் சொல்லும்.

கேள்வி: அப்பா ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் போடுகிறார். அம்மா போட்டால் எல்லாம் மோசம். சென்டரில் அம்மா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது தெரிந்து பேசுவதையே நிறுத்திவிட்டார். (வாசகர், தஞ்சாவூர்)

சென்டர் செய்தது அவசர வேலை. இரண்டு தாளும் தேவை. அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் மூன்றாவது தகவல்.

இதற்கென்றே அமெரிக்க நரம்பு உளவியலாளர் ஜார்ஜ் பிரிகடானோ 1980-களில் ஒரு தாள் செய்தார். முப்பது வேலைகள். ஒவ்வொன்றும் ‘செய்யவே முடியாது’ என்ற 1-லிருந்து ‘சுலபமாகச் செய்வேன்’ என்ற 5 வரை. நோயாளிக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று. அதில் தொடர்ந்து தெரியவந்தது இது: குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில் இருவர் மார்க்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கோபத்தை அடக்குவது, எதிராளி மனசு நோகிறதா என்று புரிந்துகொள்வது போன்றவற்றில்தான் நோயாளிகள் தங்களுக்குக் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே மொத்தக் கூட்டலைக் கழித்துப் பார்ப்பதைவிட வரிக்கு வரி வைத்துப் பார்த்தால்தான் பயன்.

வித்தியாசத்துக்குக் காரணம் மூன்று விதமாக இருக்கலாம். தன் குறையை உணரும் மூளைப்பகுதியே அடிபட்டிருக்கலாம். இவரிடம் வாதாடினால் புரியாது, செய்து பார்த்துத்தான் தெரியும். தெரிந்தும் மானத்துக்காக மறைக்கலாம். இவர் கேள்வி வரும்போது முகம் சுளிப்பார், பேச்சை மாற்றுவார். மூன்றாவது, அம்மாவின் மார்க்கே இருட்டாக இருக்கலாம். இரவெல்லாம் தூங்காமல் பார்த்துக்கொள்பவருக்கு எல்லாமே மோசமாகத்தான் தெரியும். அதனால் அவருடைய அசதியையும் ஒரு சின்னத் தாளில் அளக்கவேண்டும்.

அப்பாவிடம் இப்போது செய்யக்கூடியது: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். காபி போடுவது என்றே வைத்துக்கொள்வோம். செய்வதற்கு முன் ‘எத்தனை நிமிஷம் ஆகும், எத்தனை தடவை என்னைக் கேட்பீங்க?’ என்று அவரையே ஊகித்து எழுதச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் நடந்ததைப் பக்கத்தில் அவரே எழுதட்டும். அம்மா வாயைத் திறக்கவேண்டியதில்லை. தாளில் இருப்பது முழுக்க அவருடைய கையெழுத்து.

கேள்வி: எம்.ஃபில். ஆய்வுக்கு, தலைக்காயப்பட்டவர்களுக்குத் தமிழிலேயே ஒரு கேள்வித்தாள் உருவாக்க நினைக்கிறேன். ஆங்கிலத் தாள்கள் நாலைந்தை எடுத்து நல்ல கேள்விகளைப் பொறுக்கி மொழிபெயர்த்தால் போதும் என்கிறார் கைடு. (மாணவி, சென்னை)

போதாது. பொறுக்கியெடுத்த கேள்விகள் எல்லாம் யாரோ ஒரு நிபுணர் முக்கியம் என்று நினைத்தவை. உங்கள் வார்டில் இருப்பவருக்கு எது முக்கியம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

முதல் கட்டம், கேள்வியே இல்லாமல் கேட்பது. ‘அடிபட்டதுக்கு அப்புறம் உங்க நாள் எப்படிப் போகுது? காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்க’ என்று விட்டுவிட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். லேசான காயம், கடுமையான காயம், ஆறு மாதம் ஆனவர், ஐந்து வருடம் ஆனவர், ஆண், பெண், கிராமம், நகரம் என்று கலந்து எடுங்கள். புதிதாக எதுவும் வராமல் சொன்னதே திரும்பத் திரும்ப வரும்போது நிறுத்தலாம். பதினைந்து இருபது பேரிலேயே பெரும்பாலும் அந்த நிலை வந்துவிடும். பேசச் சிரமப்படுபவர்களை விட்டுவிடாதீர்கள். பேச முடிந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த தாள் பேச முடிந்தவர்களுக்குத்தான் பொருந்தும்.

அவர்கள் சொன்ன வார்த்தையையே கேள்வியாக்குங்கள். இங்கேதான் மொழி காலை வாரும். ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வடிவம்: ‘கவனம் செலுத்துவதில் சிரமம் உள்ளதா?’ ஒருவரிடம் படித்துக்காட்டி, ‘இதை உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்டால், ‘ரோட்ல பார்த்துப் போறேனான்னு கேக்கறீங்க. கவனமாத்தான் போறேன்’ என்பார். பேச்சுத் தமிழில் ‘கவனம்’ என்றால் ஜாக்கிரதை. பாதிப்பேர் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள், மார்க்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வடிவம்: ‘ஒரு வேலையைப் பாதியில் மறந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறீர்களா?’ கொஞ்சம் தேவலை, ஆனால் இதில் மறதி, தாவல் என்று இரண்டு விஷயம் இருக்கின்றன. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாதவர் என்ன சொல்வார்? மூன்றாம் வடிவம்: ‘டிவியில் ஒரு நாடகத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்க முடிகிறதா?’ புரிகிறது. ஆனால் நாடகம் பிடிக்காதவரும் ‘முடியலை’ என்பார். நான்காம் வடிவம்: ‘யாராவது உங்களிடம் ஐந்து நிமிடம் பேசினால், நடுவில் என்ன பேசுகிறார்கள் என்பது விட்டுப்போகிறதா?’ இதுகூட முடிவானது இல்லை. காது கேட்காதவரிடம் தோற்கும். இப்படி ஒவ்வொரு வரியையும் ஏழெட்டுப் பேரிடம் சத்தமாக யோசிக்கவைத்து, திருத்தி, மறுபடி வேறு ஏழெட்டுப் பேரிடம் போகவேண்டும். இரண்டு சுற்றாவது ஆகும்.

‘யோசனை’ இன்னொரு பொறி. இலங்கைத் தமிழரிடம் ‘யோசிக்கிறீர்களா?’ என்றால் கவலைப்படுகிறீர்களா என்று பொருள்படும். அவர்களும் உங்கள் தாளை நிரப்பப்போகிறார்கள் என்றால் ‘யோசிப்பதில் சிரமமா?’ என்று எழுதாதீர்கள். ‘பரவாயில்லை’யும் ஆகாது. ஒருவருக்கு அது ‘நல்லாவே இருக்கு’, இன்னொருவருக்கு ‘விடுங்க, சொல்லி என்ன ஆகப்போகுது’.

பதில் வார்த்தைகளுக்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் செய்தபோது, அதில் சேர்ந்த ஆரம்ப மையங்களில் சென்னையும் ஒன்று. ஒவ்வொரு மொழியிலும் பதில் வார்த்தையை நேரடியாக மொழிபெயர்க்காமல் அளந்து எடுத்தார்கள். நீங்களும் செய்யலாம். ஒரு முனையில் ‘இல்லவே இல்லை’, மறுமுனையில் ‘தாங்க முடியாத அளவு’ என்று எழுதிய 10 செ.மீ. கோடு. ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘சுமாரா’, ‘நிறைய’, ‘ரொம்ப’, ‘பயங்கரமா’ என்று பதினைந்து வார்த்தைகளைத் தனித்தனித் தாளில் கொடுத்து, எங்கே வரும் என்று இருபது பேரைக் குறிக்கச் சொல்லுங்கள். சராசரி 20–30 மி.மீ., 45–55 மி.மீ., 70–80 மி.மீ. இடைவெளிகளில் விழும் வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியோடு சிதறலையும் பார்க்கவேண்டும். ஒரு வார்த்தையை ஒருவர் 15-லும் இன்னொருவர் 60-லும் வைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

பிறகுதான் எண்ணிக்கை வேலை. எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு, கேள்விக்கு ஏழு பேர் வீதம், நூறுக்குக் குறையாமல். இருபது கேள்வி என்றால் 140 பேர். கேள்விகளின் ஒட்டுதலைக் காட்டும் எண்ணான க்ரான்பாக் ஆல்ஃபா 0.70-க்குக் கீழே போனால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 0.95-க்கு மேலே போனால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து, நிலைமை மாறாதவர்களிடம் மறுபடி கொடுத்துப் பார்க்கவேண்டும்.

கைடு சொன்ன மொழிபெயர்ப்பு வழியில் ஒரு தாளைக் கொண்டுவர நேர்ந்தால், திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கவலை அளக்கும் ஜிஏடி-7 தாளில் ‘ஆன் எட்ஜ்’ என்று வரும். ‘விளிம்பில் இருப்பது போல’ என்று தமிழில் எழுதினால், திருப்பிப் போடுபவர் அச்சுப் பிசகாமல் ‘ஆன் தி எட்ஜ்’ என்று கொண்டுவந்து நிறுத்துவார். சோதனையில் நூற்றுக்கு நூறு. மதுரையில் ஒருவருக்கும் புரியாது. ‘படபடப்பு’ என்று எழுதியிருந்தால் திரும்பி வரும் ஆங்கிலம் வேறாக இருக்கும், ஆனால் பேஷண்டுக்குப் புரியும். மோசமான தமிழ்தான் அந்தச் சோதனையில் நன்றாகத் தேறும்.

கேள்வி: ஒவ்வொரு செஷனிலும் ஃபார்மை நீட்டினால் பேச்சின் ஓட்டமே போய்விடுகிறது. தெரபியில் இதெல்லாம் அவசியமா? (கவுன்சலர், திருச்சி)

நீளமான ஃபார்ம் என்றால் போகத்தான் செய்யும். நான்கே கேள்வியில் முடிகிறவை இருக்கின்றன.

லண்டனில் 2004 வாக்கில் உருவான சைக்ளாப்ஸ் என்ற தாளில் அச்சடித்த நோய்க்குறி எதுவும் கிடையாது. ‘உங்களை அதிகம் தொந்தரவு செய்யும் பிரச்சினை எது?’ என்று கேட்டு ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும். வந்தவர் தன் வார்த்தையில் எழுதி, போன வாரம் அது எவ்வளவு பாதித்தது என்று 0 முதல் 5 வரை போடுவார். இரண்டாவது பிரச்சினைக்கு ஒரு பெட்டி. அதனால் செய்யக் கஷ்டமாகிவிட்ட ஒரு காரியத்துக்கு ஒரு பெட்டி. கடைசியாக, இந்த வாரம் மொத்தத்தில் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி. அதிகபட்சம் 20. நடுவிலும் முடிவிலும் கொடுக்கும் தாளில் அவர் முதலில் எழுதிய அதே வார்த்தைகளை நீங்கள் பிரதி எடுத்து வைக்கவேண்டும். ‘மாமியார் வீட்டுக்குப் போகணும்னாலே வயித்தைப் பிசையுது’ என்று எழுதியிருந்தால் அப்படியே எழுதுங்கள். ‘குடும்பச் சூழலில் பதற்றம்’ என்று அழகுபடுத்தினால் அது உங்கள் பிரச்சினையாகிவிடும்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். முதலாவது, நம்பிக்கை வந்தபிறகுதான் உண்மையான பிரச்சினை வெளியே வரும். மூன்றாவது செஷனில் புதிதாக ஒன்று சொன்னால் பழையதை அடிக்காமல் புதியதையும் தனிப் பெட்டியாகச் சேர்த்துத் தொடருங்கள். இரண்டாவது, மிக மோசமானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஆரம்பிப்பதால் முதல் ஸ்கோர் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து ஓரளவு தானாகவே இறங்கும். ஒரு சென்டர் இந்த எண்ணை மட்டும் வைத்து ‘எங்கள் தெரபியில் இவ்வளவு முன்னேற்றம்’ என்று விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான தாள் ஒன்றும் இருக்கவேண்டும்.

வந்தவர் எப்படி இருக்கிறார் என்று அளக்க, 10 செ.மீ. கோடுகள் நான்கைக் கொண்ட ஓஆர்எஸ் (அவுட்கம் ரேட்டிங் ஸ்கேல்) என்ற தாளும் உண்டு. செஷன் தொடங்கும்போது ஒரு நிமிட வேலை. அதன் துணைத் தாள் செஷன் முடிவில் ‘இன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டார்களா?’ என்று உங்களுக்கே மார்க் போடவைக்கும். நம் ஊரில் பெரும்பாலோர் முழு மார்க் போட்டுவிட்டு வணக்கம் சொல்லிப் போய்விடுவார்கள். ‘அரை மார்க் எங்கே குறைக்கலாம், சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கும். ஜெராக்ஸ் எடுத்தால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். மெஷின் சுருக்கி எடுத்து கோடு 9.4 செ.மீ. ஆகியிருந்தால் உங்கள் கணக்கு முழுவதும் தப்பு.

கேள்வி: ரீஹேப்பில் ‘கோல் அட்டெயின்மென்ட்’ என்று ஏதோ 59 என்று எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு 59-ஆ? (வாசகர், சேலம்)

இல்லை. 50 என்றாலே ‘எதிர்பார்த்தபடி நடந்தது’ என்று பொருள். 59 அதைவிட மேல்.

கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968-ல் மனநலத் துறையில் தொடங்கிய முறை இது. நோயாளியோடு உட்கார்ந்து குறிக்கோள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி எழுதுவார்கள். எதிர்பார்த்தது நடந்தால் 0, கொஞ்சம் கூட என்றால் +1, நிறையக் கூட என்றால் +2, கீழே −1, −2. காலை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் தானாகப் போடுகிறார், அது −1. ஒருநாள்கூட இல்லை என்றால் −2. மூன்று மாதம் கழித்து வாரத்தில் நான்கைந்து நாள் என்பது 0. ஆறு நாள் +1. ஏழு நாளும் என்றால் +2.

மூன்று குறிக்கோளும் சம முக்கியம் என்றால் கணக்கு சுலபம். பெற்றதைக் கூட்டி, 10-ஆல் பெருக்கி, 2.19-ஆல் வகுத்து, 50-ஐச் சேர்க்கவேண்டும். தொடக்கத்தில் மூன்றும் −1 என்றால் சுமார் 36. முடிவில் +1, +1, 0 என்றால் 59. ஆக உங்கள் வீட்டு நோயாளி 36-லிருந்து 59-க்கு வந்திருக்கலாம். தொடக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் 59-க்கு அர்த்தமில்லை.

ஏமாற்று நுழைவதும் இங்கேதான். சுலபமான குறிக்கோளை எழுதினால் எல்லோரும் +2. அதனால் படிகளை எழுதுபவர் ஒருவராகவும் முடிவில் மார்க் போடுபவர் இன்னொருவராகவும் இருப்பது நல்லது. ஒரே படியில் ‘ஆறு நாள் போடுவார், மனைவி நினைவூட்டாமல்’ என்று இரண்டு மாற்றத்தைத் திணித்தால் ஆறு நாள் நினைவூட்டிப் போட்டவரை எந்தப் படியில் வைப்பது?

கேள்வி: ஸ்கோர் நான்கு குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தானே? (கவுன்சலர், திருநெல்வேலி)

அந்தத் தாளின் சொந்த ஆட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 1991-ல் ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் சொன்ன கணக்கு இதற்கு உதவும். தாளின் திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் மார்க் சிதறும் அளவு) 6, நம்பகம் (மறுபடி அளந்தாலும் அதே மார்க் வரும் அளவு) 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 6-ஆல் பெருக்கினால் 2.4. இது ஒரு தடவை அளப்பதில் வரும் பிழை. இரண்டு தடவை அளந்திருப்பதால் 1.414-ஆல் பெருக்கி, பிறகு 1.96-ஆல் பெருக்குங்கள். 6.65 வரும். ஆக 7 குறைந்தால்தான் உண்மையான மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். நான்கு என்பது காற்றில் ஆடும் கொடி.

எண் நான்குதான் குறைந்தது, ஆனால் அவர் மறுபடி டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிக்கிறார் என்றால்? அதையும் கோப்பில் எழுதுங்கள். மூளைக்காயத்தில் எதிர்த்திசையிலும் நடக்கும். தன் குறை புரியத் தொடங்கும்போது அவரே தனக்குக் குறைவாக மார்க் போடுவார். ஸ்கோர் மோசமாகும், ஆள் முன்னேறியிருப்பார். அந்த நேரம் மனம் உடையக்கூடிய நேரமும்கூட, செஷனைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? (கிராம சுகாதாரப் பணியாளர், விழுப்புரம்)

படித்துக் காட்டலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில், அதே வார்த்தையில். ‘அதாவது, தூக்கம் வரலியான்னு கேக்கறாங்க’ என்று உங்கள் விளக்கத்தைச் சேர்த்தால் அன்றைக்கு ஒரு புதுத் தாள் உருவாகிவிடும். எண்ணுக்குப் பதில் ஐந்து டம்ளர் படம் வையுங்கள்: காலி, கால், அரை, முக்கால், நிறைய. வயதானவர்களிடம் ‘ரூபாய்க்கு எத்தனையணா?’ என்று கேட்டால் சட்டென்று ‘எட்டணா தேவலை’ என்று வரும். ஆனால் ஒருவருக்கு அணா, ஒருவருக்கு டம்ளர் என்று கலக்காதீர்கள். யாருக்கு எது என்பதைத் தாளின் மேலேயே எழுதிவைக்கவேண்டும், அடுத்த மாதமும் அவருக்கு அதுவேதான்.

கேள்வி: ஓபியில் கூட்டம். ஃபார்மை வீட்டுக்கு எடுத்துப்போய் அட்டெண்டர் நிரப்பிக் கொண்டுவரலாமா? (வாசகர், வேலூர்)

நோயாளியின் தாள் என்றால் கூடாது. வீட்டில் நிரப்பத்தான் வேண்டும் என்றால் அவர் சொல்லச் சொல்ல எழுதி, ‘சொன்னவர்’, ‘எழுதியவர்’ இரண்டு பெயரையும் கீழே போட்டுக் கொண்டுவாருங்கள். அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை நீங்கள் ஊகித்து நிரப்ப வேண்டாம், காலியாகவே இருக்கட்டும்.